அதிமதுரம், மஞ்சள், கற்றாழை: இரைப்பைப் புண்ணுக்கு இவை போதுமா?

தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். ஆடைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் உழைத்து ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்தத்துக்காக அரசு கிளினிக்கில் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, அம்லோடிபின் ஆகிய இரு மாத்திரைகளையும் எடுத்து வருகிறார். முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபெனும், தலைவலிக்குக் கடைகளில் ஒற்றைப் பொட்டலமாக விற்கும் தலைவலிப் பொடியும் பல ஆண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு வயிற்றெரிச்சல் முற்றி எண்டோஸ்கோப்பி செய்தபோது, இரைப்பையில் புண்ணும் அங்கே ஒரு கிருமியும் இருப்பதாகச் சொல்லி, இரண்டு வார ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமிப்ரசோலும் கொடுத்தார்கள். வாயில் உலோகக் கசப்பும் வயிற்றுப்போக்கும் தாங்க முடியாமல் ஆன்டிபயாட்டிக்கை நான்காம் நாளே நிறுத்திவிட்டார். ஓமிப்ரசோலை எட்டு வாரம் எடுத்தார். புண் ஆறியதா என்று பார்க்க மறு எண்டோஸ்கோப்பிக்குக் கொடுத்த நாளில் போகவில்லை.

பின்னர் அவருடைய தம்பி கைப்பேசியில் இரண்டு செய்திகளை அனுப்பினார். ஓமிப்ரசோல் மறதி நோயைத் தரும் என்பது ஒன்று, மஞ்சள் அதே மாத்திரைக்கு ஈடாக வேலை செய்வதாக ஆய்வு நிறுவிவிட்டது என்பது மற்றொன்று. ஓமிப்ரசோலை அவர் நிறுத்தினார், ஒரு வாரத்தில் எரிச்சல் திரும்பியது. அதன் பின் மூன்று மாதங்களாக அதிமதுரப் பொடியை இரண்டு தேக்கரண்டி வீதம் காலையும் மாலையும் பாலில் கலந்து குடிக்கிறார். மிளகுச் சத்து சேர்த்த குர்க்குமின் மாத்திரையும், வீட்டு முற்றத்துக் கற்றாழை மடலைச் சீவி எடுத்த சாறும் உண்டு. எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் கணுக்கால் வீங்குகிறது, இரவில் கெண்டைக்கால் இழுக்கிறது, உடல் சோர்கிறது, கிளினிக்கில் அழுத்தமும் கூடியிருக்கிறது என்கிறார்கள். கடிதத்தின் இறுதியில், சென்ற வாரம் மூன்று நாட்கள் மலம் தார் போலக் கருத்துப் போனதாகவும், அது கீரை சாப்பிட்டதால் இருக்கும் என்றும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார். தாவரப் பொருள்களாலேயே புண்ணை ஆற்றிவிட முடியுமா, அவற்றில் எது சிறந்தது, கோயிலில் கூழ் ஊற்றும் விழாவிலும் புரட்டாசி விரதத்திலும் கலந்துகொள்ளலாமா, மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு இப்போது போனால் சிஸ்டர் திட்டித் திருப்பி அனுப்பிவிட மாட்டாரா என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, உங்கள் கடிதத்தின் மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை தந்தது. அதனால் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். அதையே இங்கும் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற வேறு சிலருக்கும் அது பொருந்தக்கூடும்.

முதலில் மருத்துவமனை

கீரை மலத்தைக் கரும்பச்சையாக்கும். இரும்புச் சத்து மாத்திரையும் பிஸ்மத் கலந்த மருந்தும் கருப்பாக்கும். நீங்கள் அவ்விரண்டையும் எடுக்கவில்லை. தார் போல ஒட்டும் தன்மையும் வழக்கத்துக்கு மாறான கடும் நாற்றமும் கொண்ட கருமலம், இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் செரிமானமாகி வெளிவருவது என்றே, வேறு காரணம் உறுதியாகும் வரை, கொள்ள வேண்டும். புண் இருந்ததாக முன்பே தெரிந்தவர், வலி மாத்திரையும் ஆஸ்பிரின் கலந்த பொடியும் எடுப்பவர், இப்போது சோர்வும் சொல்கிறவர் என்னும் மூன்றும் உங்களிடம் சேர்ந்திருப்பதால் கிளினிக்கின் அடுத்த முறைநாள் வரை காத்திருக்க இடமில்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள். மீண்டும் கருமலம் போனாலோ, இரத்தமாகவோ காப்பித்தூள் போலவோ வாந்தி வந்தாலோ, எழுந்தவுடன் கண் இருண்டாலோ, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

திட்டித் திருப்பி அனுப்புவார்கள் என்ற அச்சத்துக்கு இந்த நாட்டின் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அவசர மருத்துவச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உங்கள் நோயின் நிலை, கிடைக்கக்கூடிய சிகிச்சைகள், அவற்றின் நன்மை தீமை ஆகியவற்றை, இயன்றவரை உங்களுக்குப் புரியும் மொழியிலேயே விளக்க வேண்டும் என்று மருத்துவர் மீதும் செவிலியர் மீதும் கடமையாக வைத்திருக்கிறது. ஒரு சிகிச்சையை மறுக்கும் உரிமையும், மறுத்தால் என்ன நேரும் என்று அறியும் உரிமையும் அதே பிரிவில் உங்களுக்கு உண்டு. நான்காம் நாள் மருந்தை நிறுத்தியது குற்றமாகாது. அந்த மருந்துகளின் கசப்பையும் வயிற்றுப்போக்கையும் பற்றி முன்கூட்டியே உங்களிடம் போதிய அளவு சொல்லப்படவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

தாவரப் பொருள்கள் இரைப்பையைக் காப்பது உண்மைதானா?

உண்மைதான். இதை முழு மனத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் தாவர மருந்து என்றாலே கைவீசித் தள்ளும் மருத்துவர்களால்தான் நோயாளிகள் அதைப் பற்றி வாய் திறக்காமல் போகிறார்கள்.

இரைப்பைக்குள் சுரக்கும் அமிலம் இறைச்சியைக் கரைக்கும் வலிமை உடையது. அது தன்னைச் சுரந்த சுவரையே கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் மேல் படிந்திருக்கும் வழவழப்பான சளிப் படலமும், அதற்குள் கசிந்து அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும், அடியில் இடைவிடாது ஓடும் இரத்தமும், சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகும் மேற்பரப்புச் செல்களும் ஆகும். இவை அனைத்தையும் ஊக்கி நடத்துவது உடலே செய்துகொள்ளும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். புரோஸ்டாகிளாண்டினை முன்கூட்டிக் கொடுத்தால், அமிலச் சுரப்பைக் குறைக்காத அளவிலேயே, எலியின் இரைப்பை தூய ஆல்கஹாலின் தாக்குதலைக்கூடத் தாங்குகிறது என்று ஆந்த்ரே ராபர்ட் என்னும் ஆய்வாளரின் குழு 1979இல் காட்டியது. இரைப்பையைக் காப்பது என்றால் அமிலத்தைக் குறைப்பது மட்டுமே என்ற எண்ணம் அதோடு மாறியது.

தாவரங்களில் இந்தக் காப்பு முறையைத் தொட்டு வேலை செய்யும் பொருள்கள் பல உண்டு. அதிமதுர வேரின் கிளைசிரிசின், வாழைக்காயின் லியூகோசயனிடின், முட்டைக்கோசின் எஸ்-மெத்தில்மெத்தியோனின், மிளகாயின் கேப்சைசின், மஞ்சளின் குர்க்குமின் ஆகியவை நம் சமையலறைக்கு நெருக்கமானவை. முட்டைக்கோசுச் சாற்றை 1949இல் அமெரிக்க மருத்துவர் கார்னெட் செனி புண் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதிலுள்ள பொருளுக்கு வைட்டமின் யூ என்று பெயரிட்டார். அது உண்மையில் வைட்டமின் இல்லை என்பது பிறகு தெளிவானது. கொரியாவில் ஒருவகை மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து எடுத்த, யூபாடிலின் அடங்கிய சாறு, இரைப்பை அழற்சிக்கு மருந்தாகவே ஒப்புதல் பெற்றது. தாய்லாந்தின் பிளாவ்-நோய் செடியின் பிளானோட்டால் ஜப்பானில் மருந்தானது. ஆகவே 'எங்கள் பாட்டி சொன்னதில் ஏதாவது இருக்கிறதா' என்று நீங்கள் கேட்டிருப்பதற்கு, இருக்கிறது என்பதே விடை. மிளகாயை அறவே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் அது புண்ணை உண்டாக்குவதில்லை. புண் ஆறியபின் வயிறு தாங்கும் அளவுக்கு மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எப்படி நடக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். எலிக்கு முதலில் தாவரச் சாற்றைக் கொடுக்கிறார்கள். சிறிது நேரம் கழித்து ஆல்கஹாலையோ ஆஸ்பிரினையோ கொடுக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் இரைப்பையைத் திறந்து காயத்தை அளக்கிறார்கள். சாறு பெற்ற எலிக்குக் காயம் குறைவாக இருந்தால், இரைப்பையைக் காக்கும் பொருள் கண்டுபிடிக்கப்பட்டதாக எழுதுகிறார்கள். கெடுதல் வருவதற்கு முன்பே கொடுக்கப்பட்ட பொருள், ஒரு நாளுக்குள் உண்டான மேலோட்டமான கீறலைத் தடுத்தது என்பதுதான் அதிலிருந்து தெரிவது. உங்களுக்கு இருப்பதோ சுவரின் தசைப் படலம் நோக்கி ஆழ்ந்து, மாதக்கணக்கில் நீடிக்கும் புண். மேலும், இரைப்பையை இலேசாக உறுத்தும் எந்தப் பொருளும் அதன் சொந்தப் புரோஸ்டாகிளாண்டினைத் தூண்டிவிட்டுச் சற்று நேரத்துக்குக் காப்புத் தரும் என்பதும் அதே காலத்தில் கண்டறியப்பட்டது. எலி ஆய்வில் ஏறக்குறைய எந்தத் துவர்ப்பான இலையைச் சோதித்தாலும் 'காக்கிறது' என்ற முடிவு வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். நம்மவர்கள் போற்றும் மணத்தக்காளிக்கும் எலி ஆய்வுகளே சான்று. உணவாக அது நல்லது, தாராளமாகச் சமையுங்கள். வாழைக்காயும் அவ்வாறே. எலிகளில் ஆஸ்பிரின் புண்ணைத் தடுத்தது காய்தான், கனிந்த பழத்துக்கு அந்தக் குணம் காணப்படவில்லை.

அதிமதுரமும் கற்றாழையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால்

தாவரப் பொருள்களில் மனிதர்களின் இரைப்பைப் புண்ணையே ஆற்றியதாக நல்ல சான்று உள்ளது அதிமதுரத்துக்குத்தான். நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் 1946இல் அதைப் புண் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். அதே நோயாளிகளில் சிலருக்கு முகமும் உடலும் வீங்கியதையும் அவரே பதிவு செய்தார். அதிமதுரத்தின் பொருளைச் சற்று மாற்றி உருவாக்கிய கார்பெனாக்சலோன் என்னும் மருந்து 1960களில் பிரிட்டனில் பயன்பாட்டுக்கு வந்தது. புரோஸ்டாகிளாண்டின் விரைவாகச் சிதைவதைத் தடுத்து, சளிப் படலத்தைப் பெருக்கி, அது உண்மையாகவே புண்ணை ஆற்றியது. ஆனால் உடலில் உப்பும் நீரும் தேங்கின, அழுத்தம் ஏறியது, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது. இந்தக் கெடுதலைத் தடுக்க ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்துக் கொடுத்தபோது புண் ஆறும் பலனும் சேர்ந்தே மறைந்தது. 1976இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் என்னும் மருந்து வந்தபின் அந்த மருந்து மெல்ல ஒதுக்கப்பட்டது.

இப்போது உங்கள் உடலுக்கு வருவோம். சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரம் அந்த நொதியைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டால், கார்ட்டிசோல் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரிசினுக்கு மேல் தொடர்ந்து எடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு 2003இல் அறிவுறுத்தியது. நீங்கள் எடுக்கும் நான்கு தேக்கரண்டிப் பொடி ஏறத்தாழ 10 கிராம் என்றும், அதில் நூற்றுக்கு நான்கு பங்குதான் கிளைசிரிசின் என்றும் வைத்துக்கொண்டாலே 400 மில்லிகிராம் ஆகிறது. மூன்று மாதமாக நாள்தோறும்.

இதற்கு மேல் ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீரைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை பொட்டாசியத்தையும் சிறுநீரில் வெளியேற்றும். இதற்கும் மேல் கற்றாழை. உங்கள் முற்றத்தில் உள்ளது, குளிர்காலத்தில் செந்நிறப் பூங்கதிர் நீட்டும், மடலெங்கும் முள் உள்ள உயரமான செடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் இந்த மண்ணுக்கே உரிய கேப் கற்றாழையாக இருக்கும், நம் ஊர்ச் சோற்றுக் கற்றாழை இல்லை. எந்தக் கற்றாழையிலும் உள்ளிருக்கும் வழவழப்பான சோறு வேறு, தோலுக்கு அடியிலிருந்து வடியும் மஞ்சள் நிறக் கசப்புப் பால் வேறு. கேப் கற்றாழையின் அந்தக் கசப்புப் பால்தான் பல தலைமுறைகளாகப் பேதி மருந்தாக ஏற்றுமதியாவது. அதிலுள்ள அலோயின் குடலைத் தூண்டிப் பேதியாக்கும், பேதியோடு பொட்டாசியமும் போகும். மடலைச் சீவிச் சாறு எடுக்கும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன.

மூன்று வழிகளில் ஒரே சத்து வடிகிறது. கெண்டைக்கால் இழுப்பு, சோர்வு, வீக்கம், ஏறிய அழுத்தம் எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன. அம்லோடிபின் மட்டுமேகூடக் கணுக்காலை வீங்க வைக்கும் என்பது உண்மை, ஐபுப்ரோஃபெனும் அழுத்தத்தை ஏற்றும். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது அதிமதுரத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே அதிமதுரத்தையும் கற்றாழைச் சாற்றையும் இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய பின்னும் அதிமதுரத்தின் விளைவு இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கலாம் என்பதால், மருத்துவமனையில் இரத்த எண்ணிக்கையோடு பொட்டாசியம், சிறுநீரகச் சோதனை, ஈசிஜி ஆகியவற்றையும் கேளுங்கள். நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்யட்டும். கிளைசிரிசின் நீக்கிய அதிமதுர மாத்திரைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் இந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் புண்ணை ஆற்றும் சான்றும் நிலையாக இல்லை.

மஞ்சள் பற்றிய செய்தியும் ஓமிப்ரசோல் பற்றிய அச்சமும்

உங்கள் தம்பி அனுப்பிய மஞ்சள் செய்திக்கு மூலமான ஆய்வு பொய்யானது இல்லை. தாய்லாந்தில் நடந்து 2023இல் வெளியான அந்த ஆய்வில், குர்க்குமினும் ஓமிப்ரசோலும் 28 நாட்களில் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் தந்தன. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் புண் நோயாளிகள் அல்லர். சோதித்துப் பார்த்தால் புண் போன்ற காரணம் எதுவும் தெரியாத, ஆனால் வயிற்று உபாதை உள்ளவர்கள். புண் உள்ளவருக்கு அந்த முடிவைப் பொருத்துவது, செய்தியைச் சுருக்கி அனுப்பியவர் செய்த பிழை. புண்ணிலேயே மஞ்சளைச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. தாய்லாந்தில் 1993இல் வெளியான ஒப்பீட்டில் இரைப்பைப் புண்ணுக்குச் சாதாரண அமில முறிப்பு மருந்தே மஞ்சளை விட மேலாக இருந்தது. வியட்நாமில் முன்சிறுகுடல் புண்ணுக்குச் செய்த சோதனையில் மஞ்சள் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. கிருமியை ஒழிப்பதிலும் குர்க்குமின் பெரும்பாலோரிடம் தோற்றது.

குழம்பில் போடும் மஞ்சளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் மிளகின் பைப்பரின் சேர்த்து உறிஞ்சுதலைப் பல மடங்கு கூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. உங்கள் புட்டியின் சீட்டைப் பாருங்கள். தரம், பாதுகாப்பு, பயன் ஆகியவற்றை நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ரா மதிப்பிடவில்லை என்ற வாசகம் அதில் இருந்தால், அதற்கு நேரான பொருளே பொருள்.

ஓமிப்ரசோலை நிறுத்திய ஒரு வாரத்தில் எரிச்சல் திரும்பியது புண் மோசமானதற்கோ, மாத்திரைக்கு அடிமையானதற்கோ அடையாளம் என்று முடிவு கட்ட வேண்டாம். எட்டு வாரம் அடக்கி வைத்த அமிலம் மருந்தை நிறுத்தியதும் சில வாரங்களுக்கு வழக்கத்தை விட மிகுதியாகச் சுரக்கும். டென்மார்க்கில் வயிற்று நோயே இல்லாத தன்னார்வலர்களுக்கு எட்டு வாரம் இவ்வகை மாத்திரையைக் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் பலருக்கும் எரிச்சல் வந்தது. மறதி நோய் பற்றிய அச்சம், மாத்திரை எடுப்போரையும் எடுக்காதோரையும் வெளியிலிருந்து ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து எழுந்தது. மாத்திரை எடுப்போர் பெரும்பாலும் மூத்தவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள் என்பதால் அந்த ஒப்பீடு எளிதில் ஏமாற்றும். ஏறத்தாழ 17,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இதே வகையைச் சேர்ந்த பான்டோபிரசோலும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டபோது, குடல் தொற்று சற்றுக் கூடியது தவிர வேறு கெடுதல் தென்படவில்லை. பல ஆண்டுகள் எடுப்போருக்கு மக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறாத புண்ணுக்குச் சில மாதங்கள் எடுப்பவர், கசியும் இரத்தத்தை விட்டுவிட்டு அதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

புண்ணை உண்டாக்கியவை

ஐபுப்ரோஃபென் வலியைக் குறைப்பதே புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான். முழங்காலில் தடுக்கும்போது இரைப்பையிலும் தடுத்துவிடுகிறது. தலைவலிப் பொடியில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின் மூன்றும் கலந்திருப்பது வழக்கம். அந்த ஆஸ்பிரின் இதே வேலையை இன்னும் அழுத்தமாகச் செய்வதோடு, இரத்தம் உறைவதையும் தடுக்கிறது. அடிக்கடி எடுத்தால் அந்தப் பொடியே தலைவலியை நிலைக்க வைக்கும். ஒரு கையால் அதிமதுரம் கொடுத்துப் புரோஸ்டாகிளாண்டினைக் காத்து, மறு கையால் ஐபுப்ரோஃபெனும் பொடியும் கொடுத்து அதன் ஊற்றையே அடைப்பது, அடியில் ஓட்டை உள்ள குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். இரண்டையும் நிறுத்துங்கள். முழங்காலுக்கு மருத்துவர் சொல்லும் அளவுக்குள் பாரசிட்டமாலும், தடவும் களிம்பும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் போதுமா என்று பார்க்கலாம்.

மற்றொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதைக் கண்டறிந்ததும், மார்ஷல் 1984இல் தாமே அதைக் குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகி நிறுவியதும், 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றதும் மருத்துவ மாணவர் யாவரும் அறிந்தவை. கிருமி நீங்காமல் புண்ணை மட்டும் ஆற்றினால் அது பெரும்பாலும் திரும்பி வரும். இதே கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இலேயே வகைப்படுத்தியது. நான்கு நாள் மட்டும் ஆன்டிபயாட்டிக் எடுத்ததைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரைகுறையாக எடுத்த மருந்துக்குக் கிருமி பழகியிருக்கலாம் என்பதால், வேறு மருந்துச் சேர்க்கையை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இம்முறை கசப்பும் பேதியும் வரக்கூடும் என்று தெரிந்தே தொடங்குங்கள். தாங்க முடியாவிட்டால் நிறுத்துவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். முடித்து நான்கு வாரங்களுக்குப் பின், ஓமிப்ரசோலை இரண்டு வாரம் விட்டிருக்கும் நிலையில், மலச் சோதனையோ மூச்சுச் சோதனையோ செய்தால்தான் கிருமி போனதா என்று தெரியும். அந்த இடைநிறுத்தத்தையும் மருத்துவர் சொன்ன பிறகே செய்யுங்கள்.

தவறவிட்ட மறு எண்டோஸ்கோப்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முன்சிறுகுடல் புண்ணாக இருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். இரைப்பைப் புண்களில் சிறு பகுதி புற்றுநோயாகவே இருக்கும், அதுவும் ஓமிப்ரசோலாலோ வேறு மருந்தாலோ தற்காலிகமாக ஆறியது போலத் தோன்றும். எரிச்சல் குறைந்துவிட்டது என்பது ஆறியதற்குச் சான்று ஆகாது. உங்களுக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரே வழி, சிகிச்சை தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்த்துத் திசுத் துணுக்கு எடுப்பதே. முதல் முறை எடுத்த துணுக்கின் முடிவு என்ன என்று கேட்டுப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இனி எந்த வழி?

தாவரம் மட்டும் என்ற வழியை, இரத்தம் கசிந்திருக்கக்கூடிய இந்த நிலையில், என்னால் பரிந்துரைக்க இயலாது. மருந்து மட்டும் போதும், சமையலில் உள்ள எதையும் நம்பாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஓமிப்ரசோலும் கிருமிக்கான முழு மருந்தும் புண்ணை ஆற்றட்டும். வாழைக்காய், முட்டைக்கோசு, மணத்தக்காளி, குழம்பு மஞ்சள் ஆகியவை உணவாக உடன் இருக்கட்டும். பொடியாகவும் மாத்திரையாகவும் சாறாகவும் செறிவூட்டியவை எல்லாம், மறு எண்டோஸ்கோப்பி முடியும் வரை வேண்டாம். பால் புண்ணை ஆற்றும் என்பது பழைய நம்பிக்கை. அது சற்று நேரம் இதமளித்து, பிறகு அமிலத்தைக் கூட்டுகிறது. ஆகவே உணவாக அளவோடு குடியுங்கள், மருந்தாக வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும், அதிமதுரப் பொடியும் தலைவலிப் பொட்டலமும் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள். எதையும் மறைக்க வேண்டாம்.

கூழையும் விரதத்தையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புளித்த கூழ் புண்ணுக்குத் தீங்கில்லை, இரத்தக் கசிவு நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்ன பிறகு குடிக்கலாம். புரட்டாசி மாதம் முழுவதும் மரக்கறி உண்பதில் தடையே இல்லை. ஒரு வேளை மட்டும் உண்ணும் நாட்களில், அந்த உணவுக்கு அரை மணி நேரம் முன்பு ஓமிப்ரசோலைத் தண்ணீரோடு விழுங்குங்கள், தண்ணீரைத் தவிர்க்கும் கடும் விரதத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கோயிலில் கூழ்ப் பானையைக் கிளறும் வேலையையும் இம்முறை இளையவர்களிடம் கொடுங்கள். இரத்தம் குறைந்திருக்கும்போது அடுப்பு வெக்கையில் நெடுநேரம் நின்றால் மயக்கம் வரும்.